ஆற்று சால்மன் ஆணா பெண்ணா? மரபணு மார்க்கர் வைத்துக் கண்டுபிடிக்க முழுமையான வழிகாட்டி

விரல் நீளமே இருக்கும் ஒரு சால்மன் குஞ்சை ஈரக் கையில் ஏந்திப் பாருங்கள். பக்கவாட்டில் யாரோ விரல் ரேகை பதித்த மாதிரி கருந்தடங்கள் வரிசையாக இருக்கும், வயிறு வெள்ளியாக மின்னும், ஆனால் அது ஆணா பெண்ணா என்று எத்தனை வருட அனுபவம் இருந்தாலும் சொல்ல முடியாது. முட்டையிட ஆற்றுக்குத் திரும்பிய பிறகுதான் ஆணின் தாடை கொக்கி போல வளையும், பிங்க் சால்மன் ஆணுக்கு முதுகில் திமில் எழும்பும், பெண்ணின் வயிறு சினையால் பருக்கும். அதற்கு முந்தைய வாழ்நாள் முழுக்க, அதாவது ஆற்றில் குஞ்சாக இருக்கும் காலமும் கடலில் வளரும் வருடங்களும், உடம்பைப் பார்த்து ஒன்றும் தெரியாது. கடலிலிருந்து புதிதாக ஏறி வரும் பெரிய மீனிலேயே பலர் தப்பு செய்கிறார்கள்.

தெரிந்து என்ன ஆகப்போகிறது என்றால், நிறைய ஆகும். ஒரு ஆற்றுக்கு 100 மீன் திரும்பி வந்தது என்று எண்ணி வைப்பது பாதிக் கணக்குதான். 50 ஆண், 50 பெண் என்றால் இனப்பெருக்கத்துக்கு உதவும் எண்ணிக்கை 100. அதே 100-இல் 80 ஆண், 20 பெண் என்றால் அது 64-ஆக இறங்கிவிடும் (ஆணையும் பெண்ணையும் பெருக்கி, அதை 4-ஆல் பெருக்கி, மொத்தத்தால் வகுத்தால் வரும் கணக்கு). அடுத்த தலைமுறைக்குப் போகும் முட்டைகளோ அந்த 20 பெண்களின் வயிற்றில் மட்டும்தான் இருக்கின்றன. அழிவின் விளிம்பில் இருக்கும் ஒரு ஆற்று மீன் கூட்டத்தைக் காப்பாற்ற நினைப்பவருக்கு இதைவிட முக்கியமான எண் குறைவு.

வேலைக்குள் போகும் முன் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். சால்மனில் ஆணுக்கு எக்ஸ்-ஒய், பெண்ணுக்கு எக்ஸ்-எக்ஸ். நாம் தேடுவது ஒய் குரோமோசோமில் இருக்கும் ஒரு டி.என்.ஏ. துண்டை, அதுதான் மார்க்கர். அது கிடைத்தால் ஆண். கிடைக்காவிட்டால் பெண். அதாவது ‘பெண்’ என்ற விடை, எதுவும் வராததிலிருந்து வருகிறது. டி.என்.ஏ. கெட்டுப்போயிருந்தாலும் எதுவும் வராது, டியூபில் ஊற்ற மறந்தாலும் எதுவும் வராது. கீழே சொல்லும் ஒவ்வொரு படியும், அந்த வெறுமை நிஜமாகவே பெண்தானா என்று நம்மை நாமே கேட்டுக்கொள்வதற்காகத்தான்.

படி 1: எந்த மார்க்கர்?

ஆரம்பத்தில் எல்லாரும் பயன்படுத்தியவை, ஒய் குரோமோசோமில் பால் நிர்ணய ஜீனுக்குப் பக்கத்தில் எங்கோ இருக்கும் துண்டுகள். சின்னூக் சால்மனில் ஓடிஒய்1 என்ற மார்க்கர் 1991-இல் வந்தது. அடுத்து, வளர்ச்சி ஹார்மோனின் செயலிழந்த போலி ஜீன் ஒன்று பல பசிபிக் இனங்களில் பயன்பட்டது. பக்கத்து வீட்டை அடையாளம் வைத்து ஆளைத் தேடுகிற மாதிரிதான் இது. ஆள் வீடு மாறினால் அடையாளம் பொய்யாகிவிடும்.

அப்படித்தான் ஆனது. அமெரிக்காவின் கொலம்பியா ஆற்றில் ஹான்ஃபோர்ட் ரீச் என்ற பகுதியில் முட்டையிடும் சின்னூக் பெண் மீன்களைச் சோதித்தபோது அவற்றில் 84 சதவீதத்துக்கு ஆண் மார்க்கர் இருந்தது என்று 2001-இல் ஒரு ஆய்வு வெளிவந்தது. ஆற்றில் கலந்த ரசாயனமோ வெப்பமோ ஆண்களைப் பெண்ணாக மாற்றிவிட்டதோ என்று பெரிய கவலை கிளம்பியது, அது நியாயமான கவலையும்கூட. கலிபோர்னியாவின் சின்னூக் பெண்களிலும் இதே மாதிரி பார்த்தார்கள். பிறகு கலிபோர்னியா மீன்களின் குரோமோசோம்களையே நேராக ஆராய்ந்த வேலைகள், ஒய்யின் துண்டு இடம் மாறிப் போயிருப்பதைக் காட்டின. அந்தப் பெண்கள் பெண்களாகவேதான் பிறந்திருந்தன. தப்பு நம் அடையாளத்தில் இருந்தது.

2012-இல் பிரான்ஸைச் சேர்ந்த ஆராய்ச்சிக் குழு ரெயின்போ டிரவுட் மீனில் அந்த ஜீனையே பிடித்தது. பெயர் எஸ்டிஒய். நோய் எதிர்ப்பு வேலையில் ஈடுபடும் ஒரு பழைய ஜீனின் நகலாக இருந்து, ஆணாக்கும் வேலைக்கு மாறிப்போன ஜீன் இது, அதை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்புதான். எக்ஸ்-எக்ஸ் மீனுக்குள் இதைச் செலுத்தினால் விந்துப்பை உருவானது, எக்ஸ்-ஒய் மீனில் இதைக் கெடுத்தால் சினைப்பை உருவானது. பெண் ஹார்மோன் தயாரிப்புக்கான சுவிட்சைப் போடவிடாமல் தடுப்பதுதான் இதன் வேலை. அட்லாண்டிக் சால்மன், சின்னூக், கோஹோ, சாக்கை, சம், பிங்க் என்று கிட்டத்தட்ட குடும்பம் முழுக்க ஆணோடு சேர்ந்தே வருகிறது. வெள்ளைமீன் வகை சிலவற்றில் மட்டும் பொருந்துவதில்லை.

ஆகவே எஸ்டிஒய்யில் தொடங்குங்கள். ஆனால் இதையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பாதீர்கள். இந்த ஜீன் குரோமோசோம் விட்டுக் குரோமோசோம் தாவும் பழக்கம் உள்ளது. அட்லாண்டிக் சால்மன் என்ற ஒரே இனத்துக்குள்ளேயே மூன்று வேறு குரோமோசோம்களில் பார்த்திருக்கிறார்கள். தாவும்போது சில இடங்களில் வேலை செய்யாத நகல்களை விட்டுவிட்டுப் போகிறது, அந்த நகல் பெண்ணிலும் இருக்கலாம். அட்லாண்டிக் சால்மனில் இப்படிப்பட்ட போலி நகல்களை 2020-இல் விளக்கினார்கள். சின்னூக்கில் 2022-இல் இன்னும் துல்லியமாகச் சொன்னார்கள்: எஸ்டிஒய் புரதத்தில் 183-ஆவது அமினோ அமிலமாக ஐசோலூசின் இருக்க வேண்டியதற்குப் பதில் அஸ்பாரஜின் இருக்கும் ஒரு நகல், ‘மார்க்கர் உள்ள பெண்’களில் தெரிந்தது. ஆண்களில் இரண்டு வடிவமும் இருந்தன. சின்னூக் வேலை செய்பவர்கள், பிரைமர் (தேடும் துண்டின் ஓரங்களில் ஒட்டி அதைப் பெருக்க உதவும் சிறு டி.என்.ஏ.) எடுப்பதோடு நிறுத்தாமல், அந்த ஒற்றை எழுத்து மாற்றத்தையும் பிரித்துக் காட்டும் சோதனையாக அமைத்துக்கொள்வது நல்லது.

படி 2: அனுமதியும் எண்ணிக்கையும்

அனுமதி இல்லாமல் ஒரு செதிலைக்கூட எடுக்காதீர்கள். சாக்ரமெண்டோ ஆற்றின் குளிர்கால சின்னூக், மெய்ன் மாநிலத்து அட்லாண்டிக் சால்மன் போன்றவை அமெரிக்காவின் அழியும் உயிரினச் சட்டப் பட்டியலில் இருப்பவை. கையில் எடுப்பதற்கே அனுமதி வேண்டும்.

எத்தனை மீன்? ஆண் பெண் விகிதத்தை மட்டும் அறிய வேண்டுமென்றால் 100 மீனுக்கு ஏறத்தாழ 10 சதவீதப் புள்ளி மேலேயோ கீழேயோ ஆடும், 400 மீனுக்கு 5. ‘பெண்கள் 46 சதவீதம்தான், குறைந்துவிட்டது’ என்று 100 மீனை வைத்துச் சொன்னால் அதில் பொருளே இல்லை.

எண்ணிக்கையைவிட மோசமானது எங்கிருந்து எடுக்கிறோம் என்பது. வலைக் கண்ணி பெரியதாக இருந்தால் சின்ன வயதிலேயே திரும்பும் குட்டி ஆண்கள் நழுவிப் போய்விடும். முட்டையிட்ட பெண் சாகும்வரை தன் கூட்டுக் குழியை விட்டு அதிகம் நகராது, ஆண் அலைந்து திரிந்து நீரோட்டத்தில் அடித்துச் செல்லப்படும். எனவே கரையோரம் கிடக்கும் செத்த மீன்களை மட்டும் எண்ணினால் பெண் கூடுதலாகத் தெரியும். மார்க்கர் எவ்வளவு சரியாக இருந்தாலும் இந்தக் கோணலை அது நிமிர்த்தாது.

படி 3: துடுப்பு வெட்டுவது

ஒரு அரிசி மணி அளவு துடுப்புத் துண்டு போதும், அதற்கு மேல் ஆசைப்படாதீர்கள். வால் துடுப்பின் நுனி அல்லது வயிற்றுத் துடுப்பின் நுனி சரி. முதுகின் பின்பக்கத்தில் இருக்கும் சின்னக் கொழுப்புத் துடுப்பைத் தொட வேண்டாம், ஏனென்றால் வட அமெரிக்காவின் மேற்குக் கரையில் அதை வெட்டுவது ‘இது பண்ணை மீன்’, அதாவது குஞ்சு பொரிப்பகத்தில் வளர்த்து ஆற்றில் விட்ட மீன், என்று காட்டும் அடையாளம். இயற்கை மீனில் நீங்கள் வெட்டிவிட்டால் அடுத்து பிடிப்பவர் அதைப் பண்ணை மீன் என்று நினைத்துச் சமைத்தே விடுவார்.

குஞ்சுகளை மயக்க டிரைக்கெய்ன் பயன்படுத்துவார்கள். அது நீரை அமிலமாக்கும், சமையல் சோடா சேர்த்துச் சமன் செய்யாமல் மீனை விடாதீர்கள். திரும்பி வரும் பெரிய மீன் என்றால் இன்னும் கவனம் வேண்டும். டிரைக்கெய்ன் பட்ட மீனை 21 நாள் வரை யாரும் சாப்பிடக்கூடாது என்பது அமெரிக்க விதி, உங்கள் மீனைத் தூண்டில்காரர் நாளைக்கே பிடிக்கலாம்.

இனி இந்தப் பகுதியில் நான் மிகவும் அழுத்திச் சொல்ல நினைப்பது: விந்து. முட்டையிடும் பருவத்தில் ஆண் மீனைத் தூக்கிய உடனே பால் போலப் பீய்ச்சும், கையுறை, அளவுப் பலகை, கத்திரி எல்லாவற்றிலும் படும். அதில் பாதி விந்தணுக்களில் ஒய் இருக்கிறது. அடுத்து வரும் பெண்ணின் துடுப்பை அதே பலகையில் கிடத்தி வெட்டினால், அந்தப் பெண் ஆய்வகத்தில் ஆணாகிவிடும், அதுவும் சோதனை ஜெல்லில் அழகான தெளிவான பட்டையோடு (டி.என்.ஏ. துண்டு கோடாகத் தெரிவதுதான் பட்டை). மீனின் துடுப்பை ஆற்று நீரில் ஒருமுறை அலசி, கத்திரியைத் துடைத்து, பிளீச் கரைசலில் முக்கி, சுத்த நீரில் கழுவிவிட்டு வெட்டுங்கள். வெறும் எத்தனாலில் முக்கினால் டி.என்.ஏ. போகாது, அது அங்கேயே ஒட்டிக்கொண்டு இருக்கும். 20 மீன் வரிசையில் நிற்கும்போது, கை விறைக்கும் குளிரில், இதைத் தவிர்க்கத்தான் தோன்றும். தவிர்க்காதீர்கள்.

துண்டை 95 சதவீதத்துக்கு மேற்பட்ட எத்தனாலில் போடுங்கள், திசுவைப் போல 10 மடங்கு எத்தனாலாவது இருக்கட்டும், பெரிய துண்டாக இருந்தால் மறுநாள் எத்தனாலை மாற்றுங்கள். லேபிளைப் பென்சிலால் எழுதி டியூபுக்கு உள்ளேயே போடுங்கள். பேனா மை எத்தனாலில் கரைந்து ஓடி 96 டியூபும் பெயரில்லாமல் நிற்கும் காட்சியை ஒருமுறை பார்த்தவர் இரண்டாம் முறை பேனாவைத் தொடமாட்டார்.

செத்த மீன் என்றால் அழுகாத திசுவைத் தேடுங்கள், செவுள் மூடி பெரும்பாலும் கடைசிவரை தாங்கும். காகித உறையில் உலர்த்திய பழைய செதில்களும் பயன்படும். பல ஆற்று நிர்வாகங்கள் வயது பார்ப்பதற்காகச் சேர்த்த செதில்களைப் பல பத்தாண்டுகளாக வைத்திருக்கின்றன. அது பெரிய பொக்கிஷம், ஆனால் டி.என்.ஏ. குறைவு.

படி 4: டி.என்.ஏ. எடுப்பது

புதிய துடுப்பு என்றால் எளிய வழியே போதும்: 50 மில்லிமோலார் சோடியம் ஹைட்ராக்சைடு 100 மைக்ரோலிட்டரில் துண்டைப் போட்டு 95 டிகிரி செல்சியஸில் 20 நிமிடம், ஆறவைத்து, 1 மோலார் டிரிஸ் கரைசல் (பி.எச். 8) 10 மைக்ரோலிட்டர். முடிந்தது. செதில், அழுகிய மீன் என்றால் புரோட்டினேஸ் கே நொதியில் 56 டிகிரியில் இரவு முழுக்க ஊறவைத்து, டி.என்.ஏ.வைப் பிடித்துவைக்கும் சிலிக்கா வடிகுழாய் உள்ள கிட் ஒன்றில் சுத்தம் செய்யுங்கள்.

ஒவ்வொரு தட்டிலும் (ஒன்றாக ஓட்டும் டியூப் தொகுதியிலும்) திசுவே போடாத ஒரு வெற்று டியூபையும் எல்லாப் படியும் கடந்து கொண்டுவாருங்கள். அதில் ஆண் பட்டை வந்தால் அந்தத் தட்டு முழுக்கவே சந்தேகம்தான்.

படி 5: பி.சி.ஆர். அமைப்பது

பி.சி.ஆர். என்பது ஒரு டி.என்.ஏ. துண்டைத் திரும்பத் திரும்ப நகலெடுத்துப் பெருக்கும் முறை. எஸ்டிஒய்யை மட்டும் பெருக்கினால் நாம் முதலில் சொன்ன சிக்கல் வரும்: பட்டை இல்லை, காரணம் தெரியாது. அதனால் அதே டியூபில், இரு பாலுக்கும் பொதுவான ஒரு துண்டையும் சேர்த்துப் பெருக்க வேண்டும். இது வந்து எஸ்டிஒய் வராவிட்டால் பெண். இரண்டும் வந்தால் ஆண். இரண்டும் வராவிட்டால் விடை இல்லை. இந்த அளவு எல்லாருக்கும் தெரியும். இந்தப் பொதுத் துண்டாக, அதாவது சோதனை வேலை செய்ததா என்று காட்டும் கட்டுப்பாடாக, எதை எடுக்கிறோம் என்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். சால்மன் செல் ஒன்றில் ஏறத்தாழ 6 பிகோகிராம் டி.என்.ஏ. இருக்கும். ஆணின் செல்லுக்கு ஒரே ஒரு ஒய், அதனால் 1 நானோகிராமில் எஸ்டிஒய் சுமார் 160 பிரதிகள்தான். பழைய செதிலிலிருந்து 0.05 நானோகிராம்தான் கிடைத்தது என்றால் 8 பிரதிகள், அவற்றிலும் பாதி உடைந்து கிடக்கும். இந்த நிலையில் நீங்கள் கட்டுப்பாடாக மைட்டோகாண்ட்ரியத் துண்டு ஒன்றை வைத்திருந்தால் அது செல்லுக்கு நூற்றுக்கணக்கில், ஆயிரக்கணக்கில் இருப்பதால் பளிச்சென்று வரும். எஸ்டிஒய் வராது. நீங்களும் ‘கட்டுப்பாடு சரி, ஆகவே பெண்’ என்று எழுதிவிடுவீர்கள். ஒரு ஆண் காணாமல் போய்விட்டது. 18எஸ் ரைபோசோம் ஜீனும் பல பிரதிகள் உள்ளது, அதே ஆபத்துதான், ஆனாலும் பலர் அதையே வைக்கிறார்கள்.

என் பரிந்துரை: செல்லின் உட்கருவில் இருக்கும் ஒற்றைப் பிரதி ஜீன் ஒன்றை எடுங்கள், அந்தத் துண்டு எஸ்டிஒய் துண்டைவிட நீளமாக இருக்கட்டும். உதாரணமாக எஸ்டிஒய் 150 டி.என்.ஏ. எழுத்து இணை, கட்டுப்பாடு 300 இணை. டி.என்.ஏ. உடைந்திருந்தால் நீளமான துண்டுதான் முதலில் தோற்கும். அப்போது மோசமான மாதிரி ‘பெண்’ என்ற பொய்யில் விழாமல் ‘விடை இல்லை’ என்ற நேர்மையான பெட்டியில் விழும். சால்மன் குடும்பத்தின் முன்னோரில் முழு மரபணுத் தொகுப்பும் இரட்டிப்பானது என்பதால் ‘ஒற்றைப் பிரதி’ என்று நினைக்கும் ஜீனுக்கும் ஒரு ஜோடி எங்கோ இருக்கலாம், பிரைமரை இனத்தின் மரபணு வரிசையோடு ஒப்பிட்டுச் சரிபாருங்கள்.

எஸ்டிஒய்யிலும் ஒரே துண்டோடு நிற்காமல் ஜீனின் இரண்டு வெவ்வேறு பகுதிகளைப் பெருக்கினால் பிரைமர் ஒட்டும் இடத்தில் ஒரு எழுத்து மாறியிருக்கும் ஆண்கள் தப்பாது.

வெப்பச் சுழற்சி வழக்கமானதுதான். 95, பிறகு 58 முதல் 60 வரை, பிறகு 72 டிகிரி, 35 சுற்று. எந்த வெப்பத்தில் பிரைமர் ஒட்டும் என்பதை உங்கள் இயந்திரத்தில் சோதித்துப் பாருங்கள். தெரிந்த ஆண் ஒன்று, தெரிந்த பெண் ஒன்று, தண்ணீர் மட்டும் ஒன்று ஒவ்வொரு தட்டிலும் கட்டாயம். பெருகிய துண்டுகளை நீளவாரியாகப் பிரித்துப் பார்க்க 2 சதவீத அகரோஸ் ஜெல் போதும். ஒளிரும் புரோப் (தேடும் துண்டு பெருகும்போது ஒளி தரும் சிறு டி.என்.ஏ.) வைத்துச் செய்யும் முறையில் மிகக் குறைந்த டி.என்.ஏ. இருக்கும் மாதிரிகளும் பிடிபடும்.

ஆயிரக்கணக்கில் மீன் என்றால் நூற்றுக்கணக்கான மார்க்கர்களை ஒன்றாக வரிசைப்படுத்தும் ஜிடி-செக் முறை இருக்கிறது, 2015-இல் வெளியானது. கொலம்பியா ஆற்றுப் படுகையில் பெற்றோரை அடையாளம் காணும் வேலையோடு சேர்த்துப் பாலும் இப்படித்தான் பார்க்கிறார்கள். அதில் பட்டை கிடையாது, எஸ்டிஒய் துண்டின் எண்ணிக்கை மற்ற மார்க்கர்களின் எண்ணிக்கையோடு ஒப்பிட எவ்வளவு என்று பார்ப்பார்கள். ஆண்கள் ஒரு குவியலாக, பெண்கள் பூஜ்ஜியத்தை ஒட்டி ஒரு குவியலாக நிற்கும். நடுவில் நிற்பவற்றைப் பலவந்தமாக ஏதோ ஒரு பக்கம் தள்ளாதீர்கள்.

படி 6: உங்கள் ஆற்றின் மீனில் சரிபார்ப்பது

வேறு ஆற்றில் சரியாக இருந்தது என்பது உங்கள் ஆற்றுக்குச் சான்று ஆகாது, ஹான்ஃபோர்ட் ரீச் கதை இதற்காகத்தான். முட்டையிட்டுச் செத்த மீன்களின் வயிற்றைத் திறந்து சினைப்பையா விந்துப்பையா என்று கண்ணால் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள், வெளித்தோற்றத்தை வைத்து அல்ல. அவற்றின் துடுப்பை, யார் ஆண் யார் பெண் என்று ஆய்வகத்துக்குச் சொல்லாமல் அனுப்புங்கள்.

50 பெண்ணில் ஒன்றுகூடத் தப்பாகவில்லை என்றால் பிழையே இல்லை என்று எழுதிவிடாதீர்கள். 3-ஐ மீன்களின் எண்ணிக்கையால் வகுங்கள்: 50 மீனுக்கு 6 சதவீதம் வரை பிழை இருந்திருக்கலாம், 300 மீனுக்கு 1 சதவீதம். இரு பாலுக்கும் தனித்தனியாக இந்தக் கணக்கு வேண்டும்.

படி 7: முடிவைத் திருத்தி எழுதுவது

200 குஞ்சுகளில் 112-இல் ஆண் பட்டை, அதாவது 56 சதவீதம். உங்கள் சரிபார்ப்பில் ஆணை ஆணென்று சொல்வது 98 சதவீதம், பெண்ணைப் பெண்ணென்று சொல்வது 95 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். 0.56-ஓடு 0.95 கூட்டி 1 கழித்தால் 0.51. 0.98-ஓடு 0.95 கூட்டி 1 கழித்தால் 0.93. வகுத்தால் 0.548. உண்மையான ஆண் பங்கு சுமார் 55 சதவீதம். சின்ன மாற்றம்தான், ஆனால் போலி நகல் பரவியிருக்கும் ஆற்றில் இதே கணக்கு முடிவையே புரட்டிப்போடும்.

மார்க்கரும் உடம்பும் ஒத்துப்போகாத மீன் வந்தால் அவசரப்பட்டு ‘பால் மாறிய மீன்’ என்று எழுத வேண்டாம். முதலில் அதே மீனின் புதிய துண்டிலிருந்து திரும்ப எடுங்கள். மறுபடியும் வந்தால் எஸ்டிஒய்யை வரிசைப்படுத்தி அது போலி நகலா என்று பாருங்கள். பக்கத்தில் மீன் பண்ணை இருக்கிறதா என்பதும் முக்கியம், முழுக்கப் பெண் மீன்களையே உருவாக்கப் பண்ணைகளில் ஹார்மோன் கொடுத்து எக்ஸ்-எக்ஸ் ஆண்களை வளர்ப்பதுண்டு, அவற்றில் எஸ்டிஒய் இருக்காது. இதெல்லாம் கழிந்த பிறகும் நின்றால்தான் அது நிஜமான பால் மாற்றமாக இருக்கலாம்.

அட்டவணையில் கண்ணால் பார்த்த பாலுக்கு ஒரு பத்தி, மார்க்கர் சொன்ன பாலுக்கு வேறு பத்தி, இரண்டையும் ஒன்றாக்கவே ஆக்காதீர்கள். விடை வராத மாதிரிகளின் எண்ணிக்கையையும் எழுதுங்கள், 200-இல் 30 விடை இல்லாமல் போனது என்றால் படிப்பவருக்கு அது தெரிய வேண்டும். மிச்சத் துடுப்பை எத்தனாலிலேயே வைத்து, எந்த ஆறு, எந்த நாள், எந்தப் பிரைமர் என்று டியூப் பெட்டியின் மூடியில் எழுதி வையுங்கள். அடுத்த போலி நகலை யாராவது கண்டுபிடிக்கும்போது அந்தப் பெட்டியை எடுத்துத் திரும்ப ஓட்ட வேண்டியிருக்கும்.